வசதியான குடும்பத்தில் பிறந்த சிலர் சோசலிசம் பேசுவது ஏன்?

கேள்வியின் தொனியைப் பார்த்தால் உங்கள் வட்டத்திலும் காரில் வந்து இறங்கி வர்க்கப் போராட்டம் பேசும் ஒருவர் இருக்கிறார் போலிருக்கிறது. எனக்கும் ஒருவன் வாய்த்தான். அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கேள்விகளைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவது என் வழக்கம்.

குற்ற உணர்ச்சி என்பார்கள், வெறும் வேஷம் என்பார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தது வேறு.

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் ஒரு நெசவாலை அதிபரின் மகன். நான் உதவித்தொகையில் படித்தவன். மார்க்ஸைப் படிக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழு பேர். அதில் ஆகத் தீவிரமானவன் அவன், ஓரமாகத் தயங்கி நின்றவன் நான். விடுதிச் சமையல்காரர்களின் சம்பளத்துக்காக ஒருநாள் வகுப்பைப் புறக்கணிப்பது என்று முடிவானது. நான் வகுப்புக்குப் போனேன். வருகைப்பதிவு குறைந்தால் உதவித்தொகை நின்றுவிடும். அன்று இரவு எல்லார் முன்னாலும் என்னைக் 'குட்டி பூர்ஷ்வா' என்றான், அதாவது தன் சின்னச் சொத்தையும் சௌகரியத்தையும் காப்பாற்றிக்கொள்ளும் குட்டி முதலாளி வர்க்கம். என் அப்பா மூட்டை தூக்கியவர். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை.

பொறாமையில் எழுதுகிறான் என்று யாராவது சொல்வீர்கள். பொறாமை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நான் பார்த்தது பொய்யாகிவிடாது.

அடுத்த விடுமுறை முடிந்து வரும்போது பழைய பேரேடு ஒன்றை வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தான். என் கட்டிலில் உட்கார்ந்து பிரித்து வைத்தான். ஒரு மாத விற்பனை, அதில் நூல் விலை, மின்சாரம், இயந்திரத் தேய்மானம், வங்கி வட்டி எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தை வேலை நேரத்தால் வகுத்து, பென்சிலால் கீழே கோடு போட்டான். "ஒரு ஆள் தன் அன்றைய சம்பளத்தை மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே சம்பாதித்துவிடுகிறான். அதற்கப்புறம் ஓடுகிற தறி எங்கள் வீட்டுக்கு" என்றான். பதினான்கு வயதிலிருந்து விடுமுறைகளில் தொழில் பழகட்டும் என்று அவன் அப்பா கணக்கறையில் உட்கார வைத்திருக்கிறார். பிள்ளை பழகியது வேறொன்று.

உபரி மதிப்பு, அதாவது கூலிக்கு மேல் உழைத்து முதலாளிக்குப் போய்ச் சேரும் பங்கு, என்று வட்டத்தில் நாங்கள் மாதக்கணக்கில் மென்றுகொண்டிருந்தது அரைமணி நேரத்தில் எனக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. தான் சுமந்த மூட்டை என்ன விலைக்குப் போகிறது என்பது என் அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. சுமக்கிறவனுக்குத் தெரிவது கூலி மட்டும். இலாபம் எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை முதலாளி வீட்டுப் பிள்ளைதான் கண்ணால் பார்க்கிறான். பார்த்தவர்களில் பெரும்பாலோர் வாயைத் திறப்பதில்லை. ஒரு சிலருக்கு அதற்கப்புறம் தூக்கம் வருவதில்லை.

மார்க்ஸின் நெருங்கிய தோழர் ஏங்கெல்ஸ் அப்படி ஒருவர்தானே. அவருடைய அப்பா பங்குதாரராக இருந்த மான்செஸ்டர் பருத்தி ஆலைக்கு 1842-ல் தொழில் பழகத்தான் போனார். இங்கிலாந்துத் தொழிலாளர்களின் நிலைமை பற்றிய அவருடைய புத்தகம் 1845-ல் வந்தது. பிறகு 1850-ல் அதே நிறுவனத்துக்குத் திரும்பி ஏறக்குறைய இருபது வருஷம் வேலை பார்த்தார். ஒரு பக்கம் கனவான்களோடு நரி வேட்டைக்குப் போவார், இன்னொரு பக்கம் அந்தச் சம்பாத்தியத்தில் மார்க்ஸ் வீட்டில் அடுப்பெரியும். 1869 ஜூன் 30, அலுவலகத்துக்குக் கடைசி நாள். காலையில் பூட்ஸை மாட்டும்போதே இதுதான் கடைசித் தடவை என்று கத்தினாராம். அப்போது ஏங்கெல்ஸ் வீட்டில் தங்கியிருந்த மார்க்ஸின் மகள் எலினார் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். பங்கை விற்றுவிட்டு மார்க்ஸுக்கு ஆண்டுக்கு 350 பவுண்டு ஏற்பாடு செய்தார். இதை வேஷம் என்றால் இருபது வருஷ வேஷம்.

நடுவில் ஒரு வயிற்றெரிச்சல். அந்தக் காலத்தில் எங்கள் கைக்குக் கிடைத்த மார்க்சிய நூல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளில் வாக்கியம் ஒரு பக்கத்தில் தொடங்கினால் வினைச்சொல் அடுத்த பக்கத்தில்தான் வரும். உழைப்பவர்களுக்காக எழுதியதை உழைப்பவன் எவனும் படித்துவிடக் கூடாது என்று யாரோ சபதம் எடுத்த மாதிரி இருக்கும். அப்பாவுக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். "யாரோ யாரையோ திட்டுறான்னு தெரியுது. யாரு, யாரைன்னுதான் புரியல" என்றார். அறைத்தோழன் ஆங்கிலத்தில் படித்தான், அவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பேரேடு ஒரு காரணம் என்றால் பயமின்மை இன்னொன்று. கல்லூரியிலிருந்து வெளியே தள்ளினாலும் அவனுக்கு ஆலை இருக்கிறது. அவன் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் துணிச்சலுக்கு அடியில் ஒரு மெத்தை விரித்திருந்தது. எனக்கு விரித்திருக்கவில்லை. இதை அவனுக்கு விளக்க எனக்கு அப்போது வார்த்தை கிடைக்கவில்லை.

இந்த வகை நல்ல மனிதர்களிடம் இன்னொரு குணத்தையும் கவனித்திருக்கிறேன். ராபர்ட் ஓவனை எடுத்துக்கொள்ளுங்கள். வசதியான வீட்டில் பிறந்தவர் இல்லை, பின்னாளில் முதலாளியாகி ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பருத்தி ஆலையை நடத்தியவர். அமெரிக்கப் பருத்தி வராமல் நான்கு மாதம் இயந்திரங்கள் நின்றபோதும் முழுச் சம்பளம் கொடுத்தார். 1816-ல் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். 1825-ல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்று ஒரு பொதுவுடைமைக் குடியிருப்பைத் தொடங்கி, தன் சொத்தில் பெரும்பகுதியை அதில் இழந்தார். எல்லாம் சரி. அதே நியூ லானார்க்கில் ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் நான்கு நிறம் பூசிய ஒரு சின்ன மரக்கட்டை தொங்கியது. நேற்றைய நடத்தை மோசம் என்றால் கறுப்புப் பக்கத்தைத் திருப்பி வைப்பார்கள், சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. கட்டையைத் திருப்பும் உரிமை தொழிலாளியிடம் இல்லை.

ஒருவனையும் இரண்டு வரலாற்று மனிதர்களையும் வைத்து எல்லாரையும் எடைபோடுகிறாய் என்று சொல்லலாம். போடவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் நண்பன் இப்போது அந்த ஆலையின் முதலாளி. பொறுப்பேற்ற முதல் வருஷமே, யாரும் கேட்காமலே சம்பளத்தை உயர்த்தினான். எனக்கு அதில் உண்மையாகவே பெருமை. சில மாதங்களுக்கு முன்னால் அங்கே சங்கம் தொடங்கி, இன்னும் உயர்த்தக் கேட்டு வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு என்னைக் கூப்பிட்டான். நான் இப்போது தணிக்கை வேலை பார்ப்பவன்.

"கேட்காமலே கொடுத்தவன்டா நான். எனக்கே நோட்டீஸா?" குரல் உடைந்திருந்தது.

"அவங்ககிட்ட அந்தப் பேரேட்டைக் காட்டினியா?" என்றேன்.

இரவு ஷிப்டில் தறி ஓடும் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், "யாரோ வந்திருக்காங்க, நாளைக்குக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டான். மூன்று மாதம் ஆகிறது, இன்னும் கூப்பிடவில்லை.