கறுப்பின மாணவர்களை வைத்துக் குறும்படம் எடுக்கும்போது முகம் ஏன் இருண்டு போகிறது?

டொராண்டோவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பட்டறை நடத்துகிறீர்கள். எடுத்த காட்சியைப் பார்த்த ஒரு மாணவி "நான் இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன், ஃபில்டர் போடுங்க" என்றாளாம். அவளுக்குத் தன்னம்பிக்கை வர என்ன பேசலாம் என்று கேட்கிறீர்கள். பேச்சு அப்புறம் இருக்கட்டும், முதலில் அந்த ஷாட்டைத் திரும்ப எடுங்கள்.

"சமூகத்தை விட்டுவிட்டு கேமராவைக் குறை சொல்வதா" என்று யாராவது கமெண்டில் வரத்தான் போகிறார்கள். சமூகம்தான் கேமராவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கோடாக் நிறுவனம் போட்டோ பிரிண்ட் போடும் லேப்களுக்கு, நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. அதனால் வகுப்பு குரூப் போட்டோக்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சின. அடர்பழுப்பைச் சரியாகப் பிடிக்கும் பிலிமுக்கு கோடாக் மெனக்கெட்டதற்கு, சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்களின் புகாரும் ஒரு காரணம். மாண்ட்ரியல் ஆய்வாளர் லோர்னா ராத்திடம் கோடாக்கில் வேலை பார்த்தவர்களே சொன்னது இது. பல இனப் பெண்கள் சேர்ந்திருக்கும் கார்டு 1990-களின் நடுவில்தான் வந்தது.

இனி வேலை. போனில் எடுப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பியூட்டி மோடை அணையுங்கள். சில போன்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். வெள்ளைச் சுவர் முன் நிறுத்தாதீர்கள். சுவரின் வெளிச்சத்தைப் பார்த்து போன் மொத்த எக்ஸ்போஷரையும், அதாவது படத்தின் வெளிச்ச அளவையும், குறைக்கும், முகம் கரியாகிவிடும். நீலமோ செங்கல்லோ உள்ள சுவர் நல்லது. ஆளுக்கும் சுவருக்கும் ஆறடி இடைவெளி விடுங்கள். போன் திரையில் தெரியும் முகத்தின் மேல் விரலை அழுத்தி எக்ஸ்போஷரை லாக் செய்துவிட்டு, பக்கத்தில் வரும் வெளிச்ச ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இறக்காவிட்டால் கேமரா எல்லாத் தோலையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் உள்ள சாம்பல் அளவுக்குத் தூக்கிவிடும். அடர்நிறம் வெளுத்துச் சாம்பல் பூத்தாற்போல ஆகும். 'முகம் தெரியவில்லை' என்று எடிட்டில் பிரைட்னஸை ஏற்றினாலும் இதே கதிதான், கூடவே புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்.

அடர்ந்த தோலுக்கு உருவம் கொடுப்பது அதன் மேல் படியும் பளபளப்பு. அதனால் வெளிச்சத்தை நேராக அடிக்காதீர்கள். டாலர் கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் போர்டு இரண்டை ஒட்டி, லைட்டை அதில் பவுன்ஸ் செய்து, அதாவது அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும்படி, பக்கவாட்டில் மூன்று நான்கு அடிக்குள் வையுங்கள். கன்னத்திலும் நெற்றியிலும் அகலமான மென்மையான ஒளி விழும். பவுடர் வேண்டாம், மாய்ஸ்சரைசர் போதும். 'மூன்லைட்' படத்தில் நடிகர்களின் தோலுக்கு எண்ணெய் தடவினார்கள். 'இன்செக்யூர்' தொடரின் ஒளிப்பதிவாளர் ஏவா பெர்காஃப்ஸ்கி மாய்ஸ்சரைசரையும் பவுன்ஸ் லைட்டையும் நம்பியவர். வகுப்பறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அதன் பச்சைச் சாயம் அடர்நிறத் தோலை நோயாளி போலக் காட்டும்.

வெளிர் தோல் மாணவரும் அடர் தோல் மாணவரும் ஒரே ஃபிரேமில் வந்தால், அடர் தோல்காரரை லைட்டுக்கு அருகில் நிறுத்துங்கள். சின்ன லைட்டில் தூரம் இரட்டிப்பானால் ஒளி கால்வாசி ஆகும். பவுன்ஸ் செய்த அகலமான ஒளியில் அவ்வளவு குறையாது, ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஃபோகஸ், ஸ்லைடர், போர்டின் கோணம் மூன்றையும் அந்த மாணவி கையிலேயே கொடுங்கள். தன் முகம் எந்த இடத்தில் ஒளிர்கிறது என்று அவளே தேடிப் பிடிக்கட்டும். பெருமை பற்றிய உரையைவிட இதுதான் வேலை செய்யும் என்பது என் கட்சி. நம் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணை இரண்டு ஷேட் வெளுத்துத் தரும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் இந்தப் பாடத்தை எடுக்க ஆசை, அது தனிப் புலம்பல்.

திரையிடும் முன்பு பள்ளி புரொஜெக்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பழைய புரொஜெக்டர்கள் நிழல் பகுதியை மொத்தமாக விழுங்கும். ஜன்னல் திரைகளை மூடுங்கள். அப்போதும் முகம் முங்கினால் எடிட்டில் காமாவை (நடுத்தர வெளிச்சப் பகுதியை மட்டும் தூக்கும் அமைப்பு) மட்டும் லேசாக ஏற்றித் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.