ரிமாண்டில் இருந்த நாள் கழியுமா?

கிரிமினல் வழக்குகளுக்காக சிங்கப்பூர் அரசு நீதிமன்றங்கள் இருக்கும் ஹேவ்லாக் சதுக்கத்துக்கு நடையாய் நடப்பவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகள்:

ஈசூன் அக்கா: என் தம்பி 30 மாதத் தண்டனையில் 20 மாதம் முடித்து வெளியே வந்தான். நாலே மாதத்தில் காப்பிக் கடையில் ஒருவரை அடித்துவிட்டான். பரோல் போச்சா?

நம்ம ஊரில் அது பரோல் இல்லை அக்கா, நிபந்தனையோடு கூடிய தண்டனைக் குறைப்பு. 2014 ஜூலையில் வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உள்ளே, மிச்சம் வெளியே. அந்த மிச்ச காலத்தில் குற்றம் செய்யக் கூடாது. தம்பிக்கு மிச்சம் 10 மாதம், 4 போக 6. அடித்ததற்கான தண்டனையோடு அதிகபட்சம் இந்த 6 மாதத்தையும் நீதிபதி கூட்டலாம். கட்டாயமில்லை, குற்றம் எவ்வளவு பெரிசு, பழையதும் இதே ரகமா என்று பார்ப்பார். வழக்கை இழுத்தால் அந்த 6 மாதம் கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கணக்கு அடித்த நாளோடு நின்றுவிடும்.

அதே அக்கா: அடித்ததற்கு எவ்வளவு?

சாதாரணக் காயம் என்றால் தண்டனைச் சட்டத்தின் 323-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிந்திருந்தால் 325. அதில் 10 ஆண்டு வரை போகும், பிரம்படியும் விழலாம்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மகனுக்கு இதுதான் முதல் வழக்கு. ஜாமீன் கட்ட முடியாமல் 6 மாதம் ரிமாண்டில், அதாவது தீர்ப்புக்கு முன் விசாரணைக் காவலில் இருக்கிறான். அது கழியுமா?

கழியும், எப்படிக் கழிக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். 12 மாதம் என்று தீர்ப்பு வந்து, கைதான நாளிலிருந்து எண்ணச் சொன்னால் மூன்றில் இரண்டு பங்கு 8 மாதம். ஆறு முடிந்துவிட்டதால் இன்னும் 2 மாதம்தான். அப்படி இல்லாமல், 12-இல் 6-ஐக் கழித்து இன்றிலிருந்து 6 மாதம் என்றால் 4 மாதம் இருக்க வேண்டும். மேலுக்கு ஒரே கழித்தல்தான், பையனுக்கு இரண்டு மாத வித்தியாசம். தண்டனையைக் கைதான நாளிலிருந்து எண்ணும்படி, அதாவது முன்தேதியிடும்படி, வக்கீல் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஜாமீனில் வீட்டில் இருந்த நாள் சேராது.

இன்னொருவர்: பழைய தண்டனைக்காக உள்ளே இருக்கும்போதே புது வழக்கு நடந்தால்?

அந்த நாள்கள் பழைய தண்டனையின் கணக்கு, புது வழக்கில் கழியாது. ஒரே வீட்டை இரண்டு பேருக்கு விற்க முடியுமா?

கேலாங் தம்பி: வக்கீலுக்குக் காசில்லை அண்ணே.

குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கப் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம், வருமான வரம்பு உண்டு. வொர்க் பர்மிட்டில் இருந்தால் வழக்கறிஞர் சங்கத்தின் இலவச உதவித் திட்டத்தைக் கேளுங்கள். எங்கே போனாலும் ரிமாண்டுக்குள் போன தேதி, ஜாமீனில் வந்த தேதி இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.