தபால் ஓட்டை எப்போது எண்ணினார்கள் என்பதில் வழக்கு இல்லை

கொருக்குப்பேட்டையில் இருந்து ஒரு வாசகர் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா வீட்டுக்காரர் வடசென்னைத் தொகுதி ஒன்றில் சட்டமன்றத் தேர்தலில் நின்று 61 ஓட்டில் தோற்றுப்போனார். வாசகர்தான் தலைமை முகவர். முடிவு வந்து மூன்று வாரம் ஆகிறது. மாமா முன்னிலையில் இருந்தாராம், இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போது மெஷின் எண்ணிக்கையை நிறுத்திவிட்டு மணிக்கணக்காகத் தபால் ஓட்டை எண்ணினார்களாம், அது முடிந்து பார்த்தால் நிலைமை தலைகீழாம். தள்ளுபடியான தபால் ஓட்டு 118. அதிகாரி எதிர்க்கட்சிக்காரர்களோடு சிரித்துப் பேசினார், எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர்கூட உள்ளே விடவில்லை, ஊரெல்லாம் பணம் போனது, உடனே ஸ்டே வாங்க முடியுமா என்று கேட்கிறார்.

வருத்தம் புரிகிறது. 61 ஓட்டு என்பது இரண்டு தெரு. ஆனால் நீங்கள் எழுதியதில் பெரும்பகுதியைக் கோர்ட் படிக்கக்கூடப் படிக்காது. அதிகாரி சிரித்தது, தண்ணீர், தண்டையார்பேட்டையில் முன்னாடியே வெடி வெடித்தது எல்லாவற்றையும் இங்கேயே விட்டுவிடுங்கள். நிறுத்தி வைத்து எண்ணியதும் முறைகேடு இல்லை. தபால் ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் கடைசிக்கு முந்தைய மெஷின் சுற்றைத் தொடங்க வேண்டும் என்று 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையமே உத்தரவு போட்டிருக்கிறது. தபால் ஓட்டில் சட்டம் பார்க்கிற நேரம் ஒன்றுதான்: எண்ணிக்கை தொடங்குகிற நேரத்துக்குள் உறை அதிகாரி கைக்கு வந்ததா. அதற்குப் பிறகு வந்த உறையைப் பிரித்து எண்ணினார்கள் என்று நீங்கள் எங்கேயும் சொல்லவில்லை.

ஸ்டேயும் கிடையாது. தேர்தலை ரிட் மனு போட்டுத் தொட முடியாது, தேர்தல் மனுதான் வழி என்று 1952-லேயே நம்ம நாமக்கல் தொகுதி வழக்கில், பொன்னுசாமி வழக்கு என்பார்கள், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-ல் ஆந்திராவில், தபால் ஓட்டோடு வாக்காளர் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற உறுதிமொழியில் சான்றளித்த அதிகாரியின் முத்திரை இல்லாவிட்டாலும் செல்லும் என்ற உத்தரவை எதிர்த்து ஒரு பெரிய கட்சியே போய்ப் பார்த்தது. உயர் நீதிமன்றம் தேர்தல் மனு போடச் சொன்னது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

உங்கள் கடிதத்தில் வேலைக்கு ஆகிற வரி ஏழாம் பக்கத்தில் இருக்கிறது: "தள்ளுபடியானதை மறுபடி பார்க்கச் சொன்னோம், நேரம் ஆகிவிட்டது என்று மறுத்துவிட்டார்." வெற்றி வித்தியாசத்தைவிடத் தள்ளுபடியான தபால் ஓட்டு அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் தள்ளுபடியான அத்தனையையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். 61, 118. செய்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை என்பதுதான் உங்கள் வழக்கின் மொத்தச் சரக்கு.

இது மட்டும் போதுமா என்றால், போதாது. எழுதிக் கொடுத்தீர்களா? முடிவுத் தாளான படிவம் 20-ல் அதிகாரி கையெழுத்துப் போடும் முன் காரணம் சொல்லி எழுத்துப்பூர்வமாக மறு எண்ணிக்கை கேட்டிருக்க வேண்டும். நீங்கள் வாயால் கேட்டதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எழுதிக் கொடுக்காததாலேயே மனு செத்துவிடாது, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே அதைத்தான் எடுப்பார். அப்புறம், ஆணையத்தின் கையேடு சட்டம் ஆகாது என்றும் வாதிடுவார். கடைசியில் எல்லாம் வந்து நிற்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100வது பிரிவில்: இந்தத் தவறால் முடிவே மாறியிருக்கும் என்று நீங்கள் காட்ட வேண்டும்.

அதற்கு ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். அந்த 118-ல் எத்தனை எந்தக் காரணத்துக்காகத் தள்ளுபடி ஆனது? 13ஏ என்கிற அந்த உறுதிமொழியில் வாக்காளர் கையெழுத்து இல்லாதது எத்தனை, சான்றளித்தவர் கையெழுத்து இல்லாதது எத்தனை, முத்திரை மட்டும் இல்லாதது எத்தனை, உறை எண்ணும் உறுதிமொழியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாதது எத்தனை, சீட்டைப் பிரித்த பிறகு இரண்டு பேருக்குக் குறி போட்டதால் போனது எத்தனை? வாக்காளர் கையெழுத்தே இல்லாததும், இரண்டு பேருக்குப் போட்டதும் எந்தக் கோர்ட்டிலும் உயிர் பெறாது. தவறாகத் தள்ளியது என்று சொல்லக்கூடியது 61-க்கு மேல் தேற வேண்டும். அதோடு ஒன்று, உறுதிமொழி சரியில்லை என்று தள்ளினால் உள்ளே ஓட்டுச் சீட்டு இருக்கிற 13பி உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். அந்த ஓட்டு யாருக்கு என்று யாருக்கும் தெரியாது. "118-ம் மாமா ஓட்டு" என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் நம்பிக்கை, சாட்சியம் இல்லை.

தபால் ஓட்டு மேசையில் உட்கார்ந்த உங்கள் முகவர் யார்? கட்சிக்காரர்கள் எல்லாருமே விவரம் தெரிந்த ஆளை மெஷின் மேசைக்கு அனுப்பிவிட்டு, தபால் மேசையில் வீட்டுப் பையன் ஒருவனை உட்கார வைக்கிறார்கள். அந்தப் பையன் கையில் நோட்டு இருந்ததா, உறை எண்ணும் காரணமும் குறித்தானா என்று இன்றைக்கே கேளுங்கள். குறிப்பு இருந்தால் பேசலாம். இல்லாமல் "பெட்டியைத் திறந்து பாருங்கள், உண்மை தெரியும்" என்று போனால், வித்தியாசம் குறைவு என்பதற்காக மட்டும் பெட்டியைத் திறக்க முடியாது என்று கோர்ட் சொல்லும், அறுபது வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ராதாபுரத்தில் 2016-ல் 49 ஓட்டு வித்தியாசம், 203 தபால் ஓட்டு தள்ளுபடி. அங்கே தபால் ஓட்டுக்கு மறு எண்ணிக்கை உத்தரவு கிடைத்ததற்கு முக்கியக் காரணம் கேள்வி தெளிவாக இருந்ததுதான்: நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சான்றளித்தால் செல்லுமா, செல்லாதா. அதிலும் உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2021-ல் பேரவையின் காலமே முடிந்துவிட்டது. ஜெயித்தவர் ஐந்து வருடமும் எம்.எல்.ஏ.வாகவே இருந்தார். பெரிந்தல்மண்ணாவில் 2021-ல் 38 ஓட்டு வித்தியாசம், தள்ளுபடி 348. 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளிவிட்டது.

இப்போது, தேர்தல் மனு போடுகிறவர்கள் விழுகிற குழிகள். இதைத்தான் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன்.

தேர்தல் மனுவுக்கு 45 நாள். 46வது நாள் என்ன காரணம் சொன்னாலும் நடக்காது, தாமதத்தை மன்னிக்கிற பிரிவு இதற்குப் பொருந்தாது. கோடை விடுமுறை என்று சாக்குச் சொல்லவும் முடியாது, மனு வாங்கப் பதிவகம் திறந்திருந்த நாள் கணக்கில் வந்துவிடும். மனுவை உங்கள் மாமாவே நேரில் வந்து தாக்கல் செய்ய வேண்டும், வக்கீல் மட்டும் போய்க் கொடுத்தது செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு நகலிலும் உண்மை நகல் என்று அவர் கையெழுத்து வேண்டும், 2,000 ரூபாய் டெபாசிட் அன்றைக்கே கட்ட வேண்டும்.

அடுத்தது இன்னும் பெரியது. "அவர் வெற்றி செல்லாது" என்று கேட்பதோடு நிற்காமல் "என்னை ஜெயித்ததாக அறிவியுங்கள்" என்றும் சேர்த்துக் கேட்பார்கள், எல்லாரும் கேட்பார்கள். கேட்ட உடனே களத்தில் நின்ற அத்தனை வேட்பாளரையும் எதிர்மனுதாரர் ஆக்க வேண்டும். வடசென்னையில் சுயேச்சைகள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். 2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் களத்தில் இருந்தது 59 பேர். பத்து ஓட்டு வாங்கியவர் ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் மனு தள்ளுபடி, திருத்த இடமில்லை. அது மட்டும் இல்லை, 97வது பிரிவில் ஜெயித்தவர் பதிலுக்கு உங்கள் ஓட்டுகளைக் கேள்வி கேட்கிற உரிமை அப்போதுதான் பிறக்கிறது. உங்களுக்கு எண்ணப்பட்ட தபால் ஓட்டில் முத்திரை இல்லாதது எத்தனை என்று அவரும் தோண்டுவார். 61-ஐக் குறைக்கப் போய் 90 ஆக்கிக்கொண்டு வருகிற நிலைமை வரலாம்.

பணம் கொடுத்தார்கள் என்பதை இந்த மனுவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். யார், யாருக்கு, எங்கே, எப்போது என்று சத்தியப் பிரமாணத்தோடு சொல்லி, கிரிமினல் வழக்கு போல நிரூபிக்க வேண்டும். உங்களிடம் இருப்பது வாட்ஸ்அப் வீடியோ. அது நல்ல பகுதியையும் சேர்த்துக் கெடுக்கும்.

இன்னொன்று படித்ததும் எனக்குப் பதறியது. தபால் ஓட்டுப் போட்ட டீச்சர்கள், போலீஸ்காரர்கள் இருபது பேரிடம் "மாமாவுக்குத்தான் போட்டேன்" என்று எழுதி வாங்கப் போவதாகச் சொல்கிறீர்கள். நிறுத்துங்கள். யாருக்குப் போட்டார் என்று எந்தச் சாட்சியையும் சொல்லச் சொல்ல முடியாது, 94வது பிரிவு. அரசு ஊழியர்களைக் காகிதத்தில் மாட்டிவிடுகிறீர்கள், நாளைக்குத் துறை நடவடிக்கை என்று வந்தால் நீங்களோ மாமாவோ பக்கத்தில் நிற்கப் போவதில்லை. ஒரு டீச்சர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எண்ணிக்கை மையத்து வாசலில் நடந்த தள்ளுமுள்ளில் உங்கள் மகன் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது, புகார் கொடுத்தது எதிர்த்தரப்பு முகவர், இரண்டு பக்கமும் முடித்துக்கொள்வோம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்கள், மானம் போய்விடும் என்று மறுத்துவிட்டீர்கள். ஒத்துக்கொள்ளுங்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குப் போகிறபோது போலீஸ் சரிபார்ப்பு வரும். புகார்தாரர் தனி ஆள் என்பதால் சமரசமாகப் போய் உயர் நீதிமன்றத்தில் ரத்து கேட்க வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சமரசக் காகிதத்தில் "தேர்தல் மனு போட மாட்டோம்" என்று ஒரு வரிகூட இருக்கக்கூடாது, அதற்குக் காசும் கைமாறக்கூடாது. மனு போட்டுவிட்டுப் பேரம் பேசலாம் என்றும் நினைக்காதீர்கள். போட்ட பிறகு கோர்ட் அனுமதி இல்லாமல் வாபஸ் இல்லை, பேரம் இருந்தால் அனுமதி இல்லை, அரசிதழில் அறிவிப்பு வந்து வேறு யாராவது உங்கள் இடத்தில் வந்து நிற்கவும் முடியும்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். பையன் நோட்டில் 61-க்கு மேல் காரணத்தோடு குறிப்பு இருந்தால் போடுங்கள், வெற்றி செல்லாது என்று மட்டும் கேட்பதா, அறிவிப்பும் கேட்பதா என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். எண்ணிக்கை வீடியோவை வைத்திருக்கச் சொல்லி அலுவலருக்கு இந்த வாரமே எழுதுங்கள், 45 நாளில் மனு வராவிட்டால் அழிக்கலாம் என்றுதான் ஆணையத்தின் 2025 மே மாத உத்தரவு. குறிப்பு இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மாமா ஏற்கெனவே நகை வைத்து நின்றிருக்கிறார், ஐந்து வருட வழக்கு அக்காவின் மீதி நகையையும் தின்றுவிடும்.

அவசரமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. தோற்றவரும் 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆணையம் மூன்று வருடம் தகுதிநீக்கம் செய்யலாம், அந்தக் காலத்தில் தேர்தலில் நிற்கவே முடியாது. மூன்று வாரம் போய்விட்டது. மனுவைப் பற்றி யோசிக்கும் முன் பில்லையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நாளைக்கே உட்காருங்கள்.