மஸ்டாங்கின் பின்சக்கரம் துள்ளுகிறது, எதை முதலில் மாற்றுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓட்டும் 2016 ஃபோர்ட் மஸ்டாங் 5.0 கார், சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் சக்தியைக் கூட்டும் கருவி) போட்ட பிறகு அழுத்தி மிதித்தால் பின்பக்கம் துள்ளுகிறது, காரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் ஸ்பிரிங்-ஷாக் செட்டான காயில்ஓவர் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். 2014 வரை வந்த மஸ்டாங்கில் பெரும்பாலும் பின்னால் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்பு ஆக்சில். உங்களுடையதில் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியலை (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) தாங்கும் சப்ஃபிரேம் என்ற சட்டம் மெத்தென்ற ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. டயர் பிடிக்கும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், பிடி விட்டதும் ரப்பர் திரும்பும், அந்தத் தடதடப்புதான் முதுகில் அடிக்கிறது, அப்படியே விட்டால் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்ட் உடையலாம்.

அதனால் முதலில் நல்ல டயர், அப்புறம் சப்ஃபிரேம் நகராமல் பிடிக்கும் காலரும் (போல்ட்டைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் வளையம்) பிரேஸும் (தாங்கு கம்பி), பிறகு டிஃபரன்ஷியல் புஷ். அதைப் பாலியூரித்தேனில் போடுங்கள், அலுமினியம் என்றால் கியரின் ஊளைச் சத்தம் உள்ளே வரும், தினமும் ஓட்டுகிறவருக்குப் பெரிய தொல்லை. செம்பனை லோரிகள் குழியாக்கிய தோட்டச் சாலையில் காரைத் தாழ்த்தவே தாழ்த்தாதீர்கள். நான் தாழ்த்தி ஓட்டி, சஸ்பென்ஷன் அடியோடு மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் நசுங்கிப் பிய்ந்து கிடந்ததைக் கையில் எடுத்தவன். சப்ஃபிரேமில் கை வைத்தால் பின் டோ (பின்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறியிருக்கும், அலைன்மெண்ட் பார்க்காமல் பட்டறையை விட்டுக் கிளம்பாதீர்கள்.