எதிர்வீட்டு மாமாவின் செருப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். போன டிசம்பரில் கேரல் குழுவோடு வந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் காலையே உற்றுப் பார்த்த என் 8 வயது மகன், "அம்மா, இது எதிர்வீட்டு மாமாவின் செருப்பு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அன்றிரவு அழுகை வந்துவிட்டது. 15 வயது மகள் கிறிஸ்துமஸ் குடில் பக்கமே வருவதில்லை, கையில் எந்நேரமும் செல்போன். மாமனார் இறந்து இரண்டு வருடமாகிறது. மூங்கில் சீவி நட்சத்திரம் கட்டுவது அவர்தான். அத்தை "எனக்கு எதற்குப் பண்டிகை" என்று அறைக்குள் போய்விடுகிறார். குடில், பலகாரம், விளக்கு எல்லாம் நான் ஒருத்தியே. சீரியல் பல்புதான் வருடாவருடம் கூடுகிறது, வீட்டில் மகிழ்ச்சியைக் காணோம். என்ன செய்வது?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகன் எதையும் இழக்கவில்லை, துப்புத் துலக்கியிருக்கிறான். அழுதது நீங்கள். இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்டர்சன், பிரெண்டிஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், கிறிஸ்துமஸ் தாத்தா நிஜமல்ல என்று அறிந்துகொண்ட 52 குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்தார்கள். குழந்தைகள் பெரும்பாலும் அதை நல்லவிதமாகவே எடுத்துக்கொண்டார்கள். வருந்தியவர்கள் பெற்றோர்கள்தான்.

அவனிடம் மழுப்பாதீர்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான புனித நிக்கலஸின் கதையைச் சொல்லுங்கள். இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயர் அவர். ஓர் ஏழையின் மூன்று மகள்களின் திருமணத்துக்காக, யாருக்கும் தெரியாமல் இரவில் பொன் முடிச்சுகளை வீசிவிட்டுப் போனார் என்பது மரபுக் கதை. இந்த ஆண்டு அப்படியொரு ரகசிய வேலையை மகனிடம் கொடுங்கள். பாட்டியின் தலையணைக்கு அடியில் பரிசு வைக்கட்டும். கொடுத்தது யாரென்று மூச்சு விடக் கூடாது. வாங்குகிறவனாக இருந்தபோது கிடைத்ததைவிட இதில் அவனுக்குக் குறுகுறுப்பு அதிகம் இருக்கும்.

மகளை "வந்து உதவி செய்" என்று கூப்பிடாதீர்கள். அந்த வயதில் எடுபிடி வேலை கசக்கும். குடிலை முழுதாக அவளிடமே விட்டுவிடுங்கள். மலையைத் தவறான மூலையில் வைத்தாலும் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். (உங்கள் கடிதத்தைப் படித்தால், இது உங்களுக்குத்தான் கடினமாக இருக்கும் என்று தோன்றுகிறது.) 1223-ல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனிதர் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோல், மாடு, கழுதை இவைதான் இருந்தன. சீரியல் பல்பு இல்லாமலேயே மக்கள் தீப்பந்தத்தோடு திரண்டார்கள்.

அத்தையை மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். துக்கத்தில் இருப்பவருக்கு அது ஒரு தண்டனை. முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சும்போது மட்டும் கூப்பிட்டு, "பதம் சரியா, பாருங்கள் அத்தை" என்று கேளுங்கள். வறுத்த சிறுபயறு மணம் வீட்டில் பரவும் நேரத்தில், உங்கள் மாமனார் மூங்கிலை எப்படிச் சீவுவார் என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். அத்தை அழுதால் அழட்டும், பேச்சை மாற்றாதீர்கள். சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து குறைந்திருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போவது அவசியம்.

கேக்கைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

இன்னொன்று: கேரல் குழு போகும் அடுத்த தெருக்களில், தாத்தாவை நம்பும் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். எதிர்வீட்டு மாமாவிடம் செருப்பை மாற்றச் சொல்லும் பொறுப்பும் உங்கள் மகனுக்கே.