ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அதிர்கிறது. ஓவர்ஹால் தவிர வேறு வழி உண்டா?

கேள்வி: பத்து வருடப் பழைய ஆட்டோமேட்டிக் கார். 60, 70 வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் வண்டி முழுக்க அதிர்கிறது. மற்ற நேரம் நன்றாக ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார்கள். செலவு குறைய வழி உண்டா?

பதில்: இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். முதலில், அவர்கள் எதைச் சோதித்துவிட்டுச் சொன்னார்கள் என்று கேளுங்கள். ஸ்கேனரில் என்ன கோடு (பழுதைக் காட்டும் எண்) வந்தது? கியர்பாக்ஸ் ஆயில் என்ன நிறம்? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் ஓட்டிப் பார்த்து ஊகித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஷார்ஜாவில் கியர்பாக்ஸ் வேலை பார்க்கிறவன் நான். "கியர்பாக்ஸ் போச்சு" என்று இழுத்துவரப்படும் வண்டிகளில் பாதிக் கோளாறு பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறி, இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்சைக் காட்டுகிறது. சீரான வேகத்தில் போகும்போது அந்தக் கிளட்ச் பிடித்து, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும். அது சரியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடித்தால் இந்த அதிர்வு வரும். ஆள் இல்லாத ரோட்டில் நீங்களே பார்க்கலாம். அதிரும்போது வலது கால் ஆக்ஸிலரேட்டரில் அப்படியே இருக்கட்டும். இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள், பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும். பிரேக் சிக்னல் கிடைத்ததும் லாக்-அப் விடும். உடனே அதிர்வு நின்று, காலை எடுத்ததும் திரும்பி வந்தால் சந்தேகம் அங்கேதான்.

ஒரு சிக்கல் உண்டு. ஸ்பார்க் பிளக் அல்லது காயில் பலவீனமாகி இன்ஜின் மிஸ் ஆனாலும், லாக்-அப் பிடித்திருக்கும்போது ஏறக்குறைய இதே அதிர்வுதான் தெரியும். லாக்-அப் விட்டதும் அதுவும் மறைந்துவிடும். அதனால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை. பிளக் மாற்றியே சரியான வண்டிகள் ஏராளம்.

பிளக் நன்றாக இருந்தால் அடுத்தது ஆயில். டிப்ஸ்டிக் இருக்கும் வண்டி என்றால், நன்றாக ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே பி-யில் (பார்க்) அளவு பாருங்கள், சில வண்டிகளில் என்-னில் (நியூட்ரல்). ஹோண்டாவில் இன்ஜினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத வண்டிகளில் ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது அடியில் உள்ள செக் பிளக்கைத் திறந்து அளப்பார்கள். கண்ட சூட்டில் திறந்தால் அளவு தப்பும். குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கூடினால் நுரைக்கும். இரண்டிலும் கியர் வழுக்கும்.

ஒரு வெள்ளை டிஷ்யூவில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு, நல்லது. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது, மாற்றலாம். ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே ஓட்டையானால் கூலன்ட் கியர்பாக்ஸில் கலந்து கிளட்ச் லைனிங்கை ஊறவைத்துப் பிரித்துவிடும்.

மாற்றும்போது டிரெயின் பிளக்கைத் திறந்தால் முழு ஆயிலும் வராது. கன்வர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் கீழே இறங்கும். அதனால் ஒருமுறை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். பழைய பெட்டிக்கு மெஷின் வைத்து பிரஷரில் ஃப்ளஷ் செய்வதை நான் சிபாரிசு செய்வதில்லை. கம்பெனி சொன்ன கிரேடு மட்டும் ஊற்றுங்கள், கடைக்காரர் "எல்லாத்துக்கும் செட் ஆகும்" என்று கொடுப்பதை அல்ல. கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி பெட்டிக்குத் தனி ஆயில். அதில் சாதா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் பெட்டியே போய்விடும். பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை, அதாவது பேனைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வழவழப்பான சாம்பல் பசை இருப்பது சகஜம். விரலில் குத்தும் துண்டுகள் இருந்தால் ஆயிலுக்குச் செலவு செய்வது வீண்.

"லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்பார்கள். நிறைய ஐரோப்பிய வண்டிகளுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. "ஆயில் மாத்தினதாலதான் போச்சு" என்ற பேச்சும் உண்டு. ஏற்கெனவே லைனிங் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்த பெட்டிக்கு கடைசி முயற்சியாக ஆயில் மாற்றி, அது பத்து நாளில் நின்றதும் வரும் பேச்சு அது.

மின்சாரப் பக்கமும் பாருங்கள். பி0700 என்று கோடு வந்தால் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ புகார் இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். அந்தக் கம்ப்யூட்டரையே படிக்கும் ஸ்கேனர் வேண்டும். ஸ்பீடு சென்சார்கள் பல பெட்டிகளில் வெளியிலேயே போல்ட் போட்டு இருக்கும். ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வான சோலினாய்டை நிறையப் பெட்டிகளில் பேனைக் கழற்றினாலே மாற்றிவிடலாம். பழைய மெர்சிடிஸ் 722.6 ஐந்து கியர் பெட்டி இதற்கு நல்ல உதாரணம். ஒயர் கனெக்டரில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் கசிந்தால் ஆயில் ஒயர் வழியாகவே ஊர்ந்து கம்ப்யூட்டர் வரை போகும். வண்டி இரண்டாம் கியரில் மாட்டிக்கொள்ளும். கனெக்டரை மாற்றி, ஆயிலைத் துடைத்தால் தீர்ந்துபோகும் வேலைக்குப் பெட்டியையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற மற்றவர்களுக்கு: பி-யிலிருந்து லீவர் நகரவில்லை என்றால் பிரேக் லைட் எரிகிறதா பாருங்கள், எரியாவிட்டால் சுவிட்சோ ஃபியூஸோதான். பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-னில் ஆனால் நியூட்ரல் சுவிட்ச். ஆர் (ரிவர்ஸ்) போடும்போது 'டொக்' என்று அடித்தால் முதலில் இன்ஜின் மவுண்டை, அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பரைப் பாருங்கள். ஏஎம்டி வண்டி வேறு கதை. அது மேனுவல் பெட்டிதான், கிளட்சும் அதை நமக்குப் பதிலாக இயக்கும் ஆக்சுவேட்டரும்தான் பெரும்பாலும் தொல்லை.

ஆனால் ஆயில் கறுத்துக் கருகிய வாசனை அடித்து, சூடானதும் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரவில்லை என்றால் உள்ளே கிளட்ச் தேய்ந்துவிட்டது. எந்த பாட்டில் மருந்தும் அதை வளர்க்காது.

உங்கள் வண்டிக்கு: பிளக், ஸ்கேன், அப்புறம் இரண்டு முறை ஆயில். அதன் பிறகும் அதிர்வு நிற்காவிட்டால் இறக்கத்தான் வேண்டும். ஆனால் காந்தத்தில் துண்டுகள் இல்லை, எல்லாக் கியரும் ஒழுங்காக விழுகிறது என்றால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. கன்வர்ட்டரை மட்டும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வாங்குங்கள்.