சிங்கப்பூரில் 11 மணி நேரம்: 'டிரான்சிட் விசா' என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள்

கேள்வி: மகளைப் பார்க்க நானும் மனைவியும் மெல்பேர்ன் போகிறோம். வழியில் சிங்கப்பூரில் 11 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலையில் இறங்குகிறோம், வெளியே போய் ஊரைப் பார்க்க ஆசை. அதற்கு 'டிரான்சிட் விசா' எடுக்க வேண்டும், ஆளுக்கு 18,000 ரூபாய் என்கிறார் ஹற்றனில் டிக்கெட் போட்டுத் தந்தவர். கொடுக்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஸ்கெலியா

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள், ஐயா. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டு இன்னும் 6 மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும். அடுத்த விமானத்தின் டிக்கெட்டும் ஆஸ்திரேலிய விசாவின் அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

நிரப்ப வேண்டியது வருகை அட்டை ஒன்றுதான். இறங்குவதற்கு முந்திய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பலாம். அது முற்றிலும் இலவசம். அதையே 'விசா' என்று விற்கிறார்கள். அரசுத் தளத்தைப் போலவே தோன்றும் தனியார் தளங்களும் இருக்கின்றன. காசு கேட்டால் உடனே மூடிவிடுங்கள். மலையகத்தில் ஆங்கிலப் படிவம் நிரப்ப ஆள் தேட வேண்டிய நிலை இருக்கும்வரை இந்தத் தரகர்களுக்கு அறுவடைதான். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுங்கள், சில நிமிட வேலை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. உங்களிடம் இருப்பது ஒரே டிக்கெட்டா, இரண்டா? மலிவாகக் காட்டுவதற்காகக் கொழும்பு–சிங்கப்பூர் ஒன்று, சிங்கப்பூர்–மெல்பேர்ன் ஒன்று என்று தனித்தனியாக வாங்கி, ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்கும் முகவர்கள் உண்டு. டிக்கெட்டில் ஆறு எழுத்தும் எண்ணுமாக ஒரு பதிவுக் குறியீடு இருக்கும். இரண்டு பயணத்துக்கும் வெவ்வேறு குறியீடு என்றால் முகவரிடம் விளக்கம் கேளுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். புது டிக்கெட் உங்கள் செலவு. பெட்டிகளையும் பெரும்பாலும் நீங்களே எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதுவரை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் கட்டணம் கட்டிப் பெட்டிகளை வைக்க இடம் இருக்கிறது.

ஒரே டிக்கெட் என்றாலும் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் பட்டியை வாசித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் மெல்பேர்னுக்குரிய 'எம்.இ.எல்.' இருக்க வேண்டும். சிங்கப்பூரின் 'எஸ்.ஐ.என்.' மட்டும் இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். பின்னால் வரிசை நீண்டாலும் பரவாயில்லை.

11 மணி நேரத்தில் குடிவரவு, போக்குவரத்து, 3 மணி நேரம் முன்பே திரும்புவது எல்லாம் போக ஊருக்குள் ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம். ஓர் இடம் போதும். சாங்கியிலிருந்து ரயிலில் எக்ஸ்போ, அங்கே நீல நிறப் பாதைக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. தமிழ் அங்கே அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று என்பதால் வழி கேட்கவும் தயங்க வேண்டாம். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. நடுப்பகலில் நடை சாத்துவார்கள், அதற்கு முன் போய்விடுங்கள். தேக்கா சந்தையில் சாப்பிடலாம். மெல்பேர்னுக்கென்று கொண்டுபோகும் கம்பளிச் சட்டையைக் கையில்தான் தூக்கித் திரிய வேண்டியிருக்கும், அவ்வளவு புழுக்கம். தனியே அலையத் தயக்கமானால் விமான நிலையமே இலவசச் சுற்றுலா நடத்துகிறது. ஆனால் குடிவரவைத் தாண்டுவதற்கு முன்பே அதற்குப் பதிய வேண்டும்.

இருவரில் யாராவது வெற்றிலையோடு புகையிலை போடுபவரானால் அந்தப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை. சிகரெட்டுக்கும் முதல் குச்சியிலிருந்தே வரி உண்டு.